பரிணாமக் கொள்கையை ஏற்பதும் விசுவாசமோ?

திண்டுக்கல் நாகல் நகரில் நடைபெற்ற வாலிபர் கூடுகையொன்றில் எழுந்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. உயிரினங்களின் பரிணாமம் பற்றிப் பேச்சு வந்தபோது கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, "படைப்பை நாம் விசுவாசத்தினால் ஏற்கிறோம், பரிணாமத்தை அவர்கள் விசுவாசத்தினால் ஏற்கிறார்கள். இரண்டையும் எவரும் கண்ணால் கண்டதில்லை. அங்ஙனமாயின் அவர்கள் விசுவாசம் நம் விசுவாசத்தைவிட எவ்வகையில் உயர்ந்தது?" என்று கேட்டார். கூடியிருந்தோர் பலர் அவ்வினாவையே விடையாகக் கொண்டு மனநிறைவடைந்தனர். நமக்கோ அது நிறைவளிக்கவில்லை. வாதத்தில் வெல்லும்பொருட்டு 'விசுவாசம்' என்னும் சொல்லை மலிவாக்கிவிட்டோமானால், வாதத்தில் வென்றும் சொல்லை இழந்தவராவோம். திருச்சபை இழக்கக்கூடாத சொற்களுள் அது முதன்மையானது. எனவே இவ்வினாவை நம் நாட்டுச் சரித்திரத்தின் துணைகொண்டு ஆராய முற்படுகிறோம்.

காணாத பயணமும் காணாத தாய்மொழியும்

வினா எழுந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். நாகல் நகர் சௌராஷ்டிர மக்கள் நெடுங்காலமாக வாழும் நெசவாளர் பகுதி. அவர்தம் முன்னோர் குஜராத்திலிருந்து புறப்பட்டுப் பல நாடுகளைக் கடந்து மதுரைச் சீமைக்கு வந்தனர் என்பது அவர்களது மரபு. அப்பயணத்தைக் கண்டவர் எவரும் இன்றில்லை. ஆயினும் அவர்கள் வீட்டில் பேசும் மொழி அதற்குச் சாட்சி கூறுகிறது. அதன் அடிப்படை வடநாட்டு மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. அதன்மேல் தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகியவற்றின் சொற்கள் படிந்துள்ளன. கிரியர்சன் தொகுத்த இந்திய மொழிகளின் அளவீட்டு வரிசையில் 1908இல் வெளிவந்த குஜராத்தித் தொகுதி, பட்டுநூல்காரரின் மொழியையும் அக்குடும்பத்தோடு சேர்த்தே ஆராய்ந்தது. வழியில் தங்கிய இடங்களின் சுவடுகளை ஒரு மக்களின் நாவே காத்துவைத்திருக்கிறது. இதனை ஏற்பவரை நோக்கி, "நீர் விசுவாசத்தினால் ஏற்கிறீர்" என்று எவரும் சொல்வதில்லை.

இம்முறையைத் தென்னாட்டு மொழிகளுக்குப் பொருத்திக் காட்டியவர் நம் திருச்சபையின் பேரறிஞர் கால்டுவெல். அவரது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலியன ஒரு குடும்பத்து மொழிகள் என அவர் நிறுவினார். அவற்றுக்கெல்லாம் தாயான மூலமொழியைக் கேட்டவரோ, அதில் எழுதிய ஓலையைக் கண்டவரோ இல்லை. மகள்களின் முகச்சாயலைக்கொண்டே தாயின் முகம் உணரப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1859இல், டார்வின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். உயிரினங்களை வகைப்படுத்துவதற்கு உவமையாக அவரும் மொழிகளின் வழிமரபையே எடுத்துக்காட்டினார் என்பது கருதத்தக்கது.

இறையியல் மாணவர் இதனினும் நெருங்கிய சான்றொன்றைத் தம் வகுப்பிலேயே கற்கின்றனர். புதிய ஏற்பாட்டின் மூலப் பிரதி ஒன்றேனும் நம் கையில் இல்லை. கிடைப்பவை படிகளின் படிகளே. இரண்டு கையெழுத்துப் படிகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் கொண்டிருப்பின், அவை ஒரே முன்படியிலிருந்து வந்தவை எனத் துணிகிறோம். சரியான வாசகம் எங்கும் இருத்தல் கூடும். பொதுவான பிழையோ உறவைக் காட்டிக்கொடுக்கும். உயிரியலார் கூறுவதும் இதுவே. பாலூட்டிகளுட் பெரும்பாலானவை உயிர்ச்சத்து 'சி'யைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதனால் அது இயலாது. சிம்பன்சி முதலிய குரங்கினங்களாலும் இயலாது. அதனை ஆக்குதற்குரிய மரபணு நம் உடலில் சிதைந்த நிலையில் இன்றும் உள்ளது. அக்குரங்கினங்களிலும் அவ்வாறே சிதைந்துள்ளது. கினிப்பன்றியும் அவ்வாற்றலை இழந்ததே. ஆனால் அதன் மரபணு சிதைந்த விதம் வேறு. ஒரே முன்படியிலிருந்து வந்த பிழைக்கும் தனித்தனியே நேர்ந்த பிழைக்கும் உள்ள வேறுபாட்டை நம் மாணவர் எளிதில் உணர்வர். படிகளைப் பொறுத்தவரை இதனை ஆராய்ச்சி என்று போற்றும் நாம், உயிர்களைப் பொறுத்தவரை மட்டும் விசுவாசம் என்று ஒதுக்குவது நேர்மையாகுமா?

பல்லாவரத்துக் கல்

நம்பிக்கை என்பது அறிவியலில் அறவே இல்லை என்று நாம் கூறவில்லை. அது எத்தகையது என்பதை ஒரு கல்லின் வரலாறு விளக்கும்.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் 1858இல் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். இவர் பீட்டர் பெர்சிவல் ஐயரின் மருமகன். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் திருமறையைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான் இவர். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரத்தில் செம்புரைக்கல் சரளை தோண்டப்பட்ட குழியொன்றில், மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றை ஃபுட் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், தம் துறைத்தோழர் வில்லியம் கிங்குடன் கொசத்தலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். பிரான்சு நாட்டில் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கோடரிகள் அழிந்துபோன விலங்குகளின் காலத்தவை என்பதை 1859இல் பிரெஸ்ட்விச், எவன்ஸ் ஆகியோர் நேரில் ஆய்ந்து ஒப்புக்கொண்டிருந்தனர். அச்செய்தியே ஃபுட்டின் கண்ணைத் திறந்தது எனலாம். வழிப்போக்கர் மிதித்துச் சென்ற கல்லில் அவர் மனிதக் கையின் தடத்தைக் கண்டார்.

அக்கருவிகள் மிகப் பழமையானவை என்று அவர் அறிந்தார். எத்தனை ஆண்டுகள் என்று கூற அவரிடம் கருவியில்லை. தாம் கண்ட இடம், மண்ணடுக்கு, கல்லின் தன்மை ஆகியவற்றைப் பதிவு செய்தார். தம் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் பெறச் செய்தார். அத்திரம்பாக்கத்தை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் சாந்தி பப்புவும் உடன் ஆய்வாளரும் முறைப்படி அகழ்ந்தனர். மண்ணின் காந்தத்தன்மையையும், விண்கதிர்களால் கல்லில் உண்டாகும் தனிமங்களையும் அளந்து, அங்குள்ள பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011இல் அறிவித்தனர். 2018இல் அதே குழுவினர், அடுத்த கட்டக் கருவிகள் அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டதாகக் காட்டினர். இந்தியாவில் அக்கட்டம் மிகப் பிந்தியே தொடங்கியது என்று அதுவரை நிலவிய கருத்து இதனால் தடுமாறியது.

இங்கு நம்பிக்கை உண்டு. பப்பு ஃபுட்டின் பதிவை நம்பினார். நாம் பப்புவின் அளவைகளை நம்புகிறோம். இயற்கையின் ஒழுங்கு நேற்றும் இன்றும் மாறாதது என்பதை அனைவரும் நம்புகிறோம். ஆனால் இந்நம்பிக்கை திருத்தத்திற்கு எப்பொழுதும் இடந்தருவது. ஃபுட்டை ஐயுறுபவர் அத்திரம்பாக்கம் சென்று மீண்டும் தோண்டலாம். அங்ஙனம் தோண்டியவரை யாரும் அவிசுவாசி என்று புறந்தள்ளவில்லை. கொள்கை முழுவதையும் வீழ்த்தத்தக்க சான்று எது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அரியலூரின் சுண்ணாம்புப் பாறைகளில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலின் சுருள் ஓட்டு உயிரினங்கள் புதைந்து கிடக்கின்றன. 1860களில் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிக்காவும் அவற்றை ஆய்ந்தனர். அப்பாறையடுக்கில், பின்னர் புதையாமல் அக்காலத்திலேயே படிந்த ஒரு பசுவின் எலும்போ மனித மண்டையோடோ கிடைக்குமாயின், இன்றைய கொள்கை நிலைகுலையும். தான் எதனால் வீழும் என்று கூறிக்கொண்டே நிற்பது அறிவியல் கொள்கையின் இயல்பு.

"யார் கண்டார்?" என்னும் வாதம்

பரிணாமமும் ஒரு மதமே என்னும் வாதம் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உயிரியல் ஆசிரியர் ஒருவர், பரிணாமத்தைக் கற்பிக்கச் சொல்வது தம்மை வேறொரு மதத்தைப் போதிக்கக் கட்டாயப்படுத்துவதாகும் என்று வழக்குத் தொடுத்தார். 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. நம் நாட்டில் 2018 ஜனவரியில், மத்திய மனிதவள மேம்பாட்டுத்துறை இணையமைச்சராயிருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் எவரும் கண்டதாகக் கூறவில்லை. ஆகவே டார்வின் கொள்கை தவறு என்று கூறினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் ஒன்றுசேர்ந்து அதனை மறுத்தன. 2023இல், தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டதை எதிர்த்து 1,800க்கு மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் கையொப்பமிட்டனர்.

அமைச்சரின் வாதமும் நாகல் நகர் மாணவரின் வாதமும் ஒன்றே என்பதை நாம் கவனிக்கவேண்டும். கண்ணால் கண்டதே உண்மை என்னும் அளவுகோலைக் கையிலெடுப்பவர் அது தம்மையும் அளக்கும் என்பதை மறக்கலாகாது. வெறுமையான கல்லறையை நாம் கண்டோமில்லை. கண்டோரின் சாட்சியை ஏற்றோம். சாட்சியத்தின்மேல் நிற்கும் திருச்சபை, சாட்சியத்தால் நிறுவப்பட்டவற்றை இகழ்தல் தான் நிற்கும் கிளையைத் தானே வெட்டுவதாகும்.

விசுவாசம் எது?

அங்ஙனமாயின் வேறுபாடு எங்குள்ளது? சான்றை ஏற்றல் வேறு. ஓர் ஆளிடம் தன்னை ஒப்படைத்தல் வேறு. ஆபிரகாம் தன் தேசத்தை விட்டுப் புறப்பட்டது ஒரு கருத்தை ஒப்புக்கொண்டமையால் அன்று, அழைத்தவரை நம்பினமையால். விசுவாசத்திலும் அறிவின் பங்கு உண்டு. சரித்திர நிகழ்ச்சிகளைப் பற்றிக் கூறும்போது அதுவும் ஆராய்ச்சிக்கு உட்பட்டதே. ஆயினும் அதன் இருதயம் ஒப்படைப்பு. பரிணாமக் கொள்கை எவரிடமும் ஒப்படைப்பைக் கேட்பதில்லை. அது பாவத்தை மன்னிப்பதுமில்லை, மரணப் படுக்கையில் கைபிடிப்பதுமில்லை. அதற்கு விசுவாசம் என்று பெயரிடுவது அதனை உயர்த்துவதுமன்று, தாழ்த்துவதுமன்று. விசுவாசத்தை வெறுங் கருத்தாகச் சுருக்குவதேயாம்.

ஹார்வர்டு தாவரவியலாளர் ஆசா கிரே இதனைத் தம் வாழ்வில் தெளிவாக்கினார். 1857இலேயே டார்வின் தம் கொள்கையைக் கடிதமூலம் அவருக்கு விளக்கியிருந்தார். கிரே அக்கொள்கையை அமெரிக்காவில் முன்னின்று ஆதரித்தார். இறுதிவரை சபையின் விசுவாசியாகவும் வாழ்ந்தார். திண்டுக்கல்லில் சபையை ஊன்றிய அமெரிக்க மதுரை மிஷனைத் தாங்கிய காங்கிரிகேஷனல் சபைமரபே அவருடையதும் என்பதை இங்குள்ள நாம் நினைவுகூரலாம்.

எனினும் பரிணாமம் மெய்யாகவே ஒரு மதமாக்கப்பட்ட காலமும் உண்டு. அதனை மறைத்தல் தகாது. வலியோர் வாழ்வதே நியதி என்று அதனை அறமாக்கினர் சிலர். மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்கவேண்டும் என்னும் கொள்கைக்கு 1883இல் கால்டன் பெயரிட்டார். 1907இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் அளவைக்கொண்டு சாதிகளை இனப்படி நிரல்படுத்த முயன்றார். இவை சான்றிலிருந்து பிறந்தவை அல்ல. இருந்த பெருமைக்குச் சான்றின் உடை அணிவித்தவை. அத்தகைய பொய்த்தேவனை எதிர்ப்பது திருச்சபையின் கடமை. சான்றோ அதற்கு எதிர்த்திசையில் நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் முதலியோரின் ஆய்வில், திண்டுக்கல்லுக்கு அண்மையிலுள்ள உசிலம்பட்டிப் பகுதியின் சிற்றூர் ஒன்றில், ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் காணப்படும் தொன்மையான மரபணு அடையாளம் கண்டறியப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட ஒரே மனிதக் குடும்பத்தின் வழித்தடம் அது. எல்லா மக்களினமும் ஒரே மூலத்தினின்று வந்தது என்று பவுலடியார் அத்தேனே மேடையில் அறிவித்ததற்கு, சாதி பிளந்த இம்மண்ணிலிருந்தே இத்தகைய எதிரொலி எழுவது நம்மை மகிழ்விக்கவேண்டும்.

ஆயர்களுக்கும் இறையியல் மாணவருக்கும் இதனால் ஒரு பொறுப்பு எழுகிறது. நம் வாலிபர் பள்ளியிலும் கல்லூரியிலும் பரிணாமத்தைக் கற்கின்றனர். "அதுவும் ஒரு விசுவாசமே; ஆகையால் நம்மதை வைத்துக்கொள்" என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்லுவோமானால், அவர்கள் ஆய்வுக்கூடத்தில் சான்றைக் காணும் நாளில், நாம் சொன்ன பிறவற்றையும் ஐயுறுவர். அந்நாளில் இழக்கப்படுவது டார்வினைப் பற்றிய நம் கருத்தன்று. கிறிஸ்துவைப் பற்றிய நம் சாட்சியின் நம்பகம். நாகல் நகர் மாணவருக்கு நாம் இன்று கூறக்கூடிய விடை இதுவே: தம்பி, அவர்கள் சான்றை நம்புகிறார்கள், அதனை நீயும் அச்சமின்றி ஆராயலாம். நீயோ ஒருவரை விசுவாசிக்கிறாய். ஆராய்வதனால் அவரை நீ இழந்துபோவதில்லை; ஏனெனில் அத்திரம்பாக்கத்துக் கல்லும், அரியலூர்ப் பாறையும், நாகல் நகரின் மொழியும் அவருடைய உலகத்திற்குப் புறம்பானவை அல்ல.