மொன்றியால் பங்குப் பதிவேடுகளில் ஒரு பெண்ணைத் தேடுதல்

சாதாரணப் பெண்களின் வாழ்க்கையை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆயினும் மொன்றியாலில் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஓர் ஏழைப் பெண்ணைக்கூட இன்று தேடிக் கண்டடையலாம். காரணம், கத்தோலிக்க ஆலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். 1642இல் வில்-மரி என்ற பெயரில் இந்நகரம் தோன்றியது. நோத்ர்-டாம் பங்கின் பதிவுகள் அந்தப் பத்தாண்டிலேயே தொடங்கிவிடுகின்றன. கியூபெக்கில் 1993 முடியும்வரை ஆலயப் பதிவேடே அரசின் குடிசார் பதிவேடாகவும் இருந்தது. ஒரு பிரதி பங்கிலும் மற்றையது நீதிமன்றத்திலும் வைக்கப்பட்டதால், ஒன்று அழிந்தாலும் மற்றையது எஞ்சியது.

தேடுவோருக்குப் பெரிய உதவி இன்னொன்று. மணமான பின்னரும் பெண் தன் பிறந்த வீட்டுப் பெயராலேயே பதியப்பட்டாள். தலைப்பெழுத்துத் தந்தையிடமிருந்து கணவனுக்கு மாறிவிடும் நம் வழக்கத்தில் பூட்டியின் பெயரே பலருக்குத் தெரியாது. இங்கோ தாய்வழியாகவே பல தலைமுறை பின்செல்ல முடிகிறது.

திருமணப் பதிவிலிருந்து தொடங்குவது நல்லது. முதல் திருமணமாயின் இரு தரப்புப் பெற்றோரின் பெயர்களும் அதில் இருக்கும். விதவையின் மறுமணமாயின் பெரும்பாலும் இறந்த கணவரின் பெயரே இருக்கும். அடுத்துப் பிள்ளைகளின் ஞானஸ்நானங்களை வரிசைப்படுத்த வேண்டும். ஞானப்பெற்றோரின் பெயர்கள் அவளுடைய உறவையும் அயலையும் காட்டும். நீண்ட இடைவெளி தெரிந்தால் அயற்பங்குகளிலும் தேடவேண்டும். அடக்கப் பதிவில் காணும் வயதை அப்படியே நம்பக்கூடாது. அது பெரும்பாலும் உத்தேசமே. கையொப்பமிடத் தெரியாதென்ற குறிப்பும் அவளைப் பற்றிய ஒரு செய்திதான்.

மொன்றியால் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத்திட்டம், 1621 முதல் 1799 வரையிலான பதிவுகளைக் குடும்பங்களாக இணைத்தது. 1663க்கும் 1673க்கும் இடையில் பிரான்சிலிருந்து அனுப்பப்பட்ட சுமார் 770 'அரசரின் புதல்விய'ரைத் தம் மூதாட்டிகளாக இன்று பலர் அடையாளங் காண்பதற்கு இத்தகைய பதிவுகளே ஆதாரம்.

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் பெற்றோர் பெயர் எழுதப்படவில்லை. மரி-ஜோசெப் அஞ்செலிக் போர்த்துக்கலில் பிறந்த கறுப்பின அடிமை. 1730 ஜூனில் மொன்றியாலில் ஞானஸ்நானம் பெற்றார். 1731இல் ஒரு மகனும் 1732இல் இரட்டைக் குழந்தைகளும் பிறந்தனர். மூவரும் சிசுப்பருவத்திலேயே இறந்தனர். தந்தை, வேறொருவருக்குச் சொந்தமான அடிமை. 1734 ஏப்ரலில் 40க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்த தீக்குக் காரணமானவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, ஜூன் 21இல் தூக்கிலிடப்பட்டார். அந்த வழக்கின் ஏடுகள் இல்லையென்றால் அவர் பதிவேட்டின் சில வரிகளுக்குள் அடங்கியிருப்பார். அவரைத் தம் மூதாட்டியெனத் தேடிவர அவருடைய பிள்ளைகள் வழியில் ஒருவருமில்லை.

பதிவேடில்லாத குடும்பங்களுக்கு வீட்டு முதியோரின் நினைவே ஏடு. தாயின் தாய், அவளின் தாய் ஆகியோரின் பெயர்களை இன்றே கேட்டு எழுதுங்கள்; பங்குக் குருமார் செய்ததுபோல் இரு பிரதிகளாக.