பினாங்கில் பிறந்த மக்கள் வானொலி

வானொலியில் சிறந்த நிகழ்ச்சிகளைப் படைப்போருக்குப் பரிசளித்துப் பாராட்டும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் வேரூன்றியுள்ளது. அமெரிக்காவில் ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள பீபடி விருது 1941ஆம் ஆண்டில் முதன்முதலாக வழங்கப்பெற்றது. அரசாங்கத்தின் சம்பளத்தையும் விளம்பர வணிகரின் தயவையும் நாடாது, ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் சுமந்து, ஊர் ஊராகச் சென்று மக்கள் குரலைச் சேகரித்துப் பொது வானொலிக்கு அளிக்கும் தனித்த படைப்பாளரும் அவ்விருதைப் பெற்றுள்ளனர். 'கிச்சன் சிஸ்டர்ஸ்' என்ற பெயரில் இணைந்து உழைக்கும் டேவியா நெல்சன், நிக்கி சில்வா என்னும் பெண்மணியர் இருவரும் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். இந்தியாவிலும் சமுதாய வானொலி நிலையங்களுக்கென மத்திய அரசு தேசிய விருதுகளை ஏற்படுத்தியிருக்கின்றது.

இவ்விருதுகள் போற்றத்தக்கன என்பதில் ஐயமில்லை. ஆயினும், விருது என்பதே தோன்றாத காலத்தில், எவர் கட்டளையுமின்றி, எவரிடமும் கூலி பெறாது, பொதுமக்களுக்காக வானொலி நடத்தியவர்களும் இருந்தனர். அத்தகையோரின் வரலாற்றில் பினாங்குத் தீவுக்கு ஒரு தனியிடம் உண்டு. அவ்வரலாற்றில் தமிழுக்கும் பங்கு உண்டு.

ஆர்வலர் தொடங்கிய பணி

மலாயாவில் வானொலியைக் கொண்டுவந்தது அரசாங்கம் என்றே பலரும் கருதுவர். உண்மை வேறு. 1921ஆம் ஆண்டில் ஜோகூர் அரசாங்கத்தில் மின்சாரப் பரிசோதகராகப் பணியாற்றிய பர்ச் என்பவர் தம் சொந்த ஆர்வத்தால் ஒரு வானொலிப் பெட்டியை வரவழைத்தார். அவரைப் பின்பற்றி ஜோகூரில் வானொலி ஆர்வலர் சங்கம் ஒன்று எழுந்தது. பின்னர்க் கோலாலம்பூரிலும் ஒரு சங்கம் தோன்றி, 1930ஆம் ஆண்டளவில் புக்கிட் பெட்டாலிங் குன்றிலிருந்து ஒலிபரப்பியது. இவற்றைத் தொடர்ந்து வந்ததே பினாங்கு வானொலிச் சங்கம்.

1934ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இச்சங்கம் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 'இசட்-எச்-ஜே' என்பது அந்நிலையத்தின் அழைப்புக் குறி. 49.3 மீட்டர் சிற்றலையில் அதன் குரல் எழுந்தது. சிற்றலையின் தேர்வுக்குத் தக்க காரணம் உண்டு. மலாயா இடியும் மின்னலும் மிகுந்த வெப்பமண்டல நாடு. மத்திய அலையில் வரும் ஒலி, இடிமின்னலால் எழும் இரைச்சலில் பெரிதும் மூழ்கிவிடும். சிற்றலையோ அவ்விரைச்சலால் அத்துணை பாதிக்கப்படாது. மேலும் அது வானின் உயர்ந்த மின்னணு மண்டலத்தில் மோதித் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். சிறு ஒலிபரப்பியை வைத்துக்கொண்டு பரந்த நாட்டிற்குப் பேச விழைந்தவர்களுக்கு அதுவே ஏற்ற வழியாயிற்று.

லண்டனிலிருந்து பி.பி.சி. நிறுவனம் தன் பேரரசு ஒலிபரப்பைத் தொடங்கியது 1932ஆம் ஆண்டு டிசம்பரில். கடல் கடந்து வாழ்ந்த ஆங்கிலேயர் தம் தாயகத்தின் குரலைக் கேட்டு மகிழ்வதற்கென அஃது ஏற்பட்டது. இரண்டாண்டுகள் கழியுமுன், பினாங்கு மக்கள் தங்கள் ஊரின் குரலைத் தாங்களே கேட்கும் நிலை உண்டாயிற்று. முன்னது தலைநகரத்திலிருந்து குடியேற்றங்களை நோக்கிப் பாய்ந்த ஒலி. பின்னது ஊரார் ஊராருக்கு எழுப்பிய ஒலி.

நான்கு மொழிகள்

பினாங்கு நிலையம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பியது. இஃது எளிய செய்தியன்று. இலாபம் கருதிய நிறுவனமாயின் பொருளுள்ளோர் மொழி ஒன்றோடு நின்றிருக்கும். அரசாங்கமாயின் ஆட்சிமொழியோடு அமைந்திருக்கும். ஆனால், ஊரே பல மொழி பேசும் ஊராயிருந்தமையால், ஊரின் வானொலியும் பன்மொழி பேசிற்று.

தமிழர் பினாங்கிற்கு அந்நியரல்லர். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் அத்தீவில் ஆங்கிலக் கொடியை நாட்டிய காலந்தொட்டே சோழமண்டலக் கரையின் மரக்கலங்கள் அங்கு வந்து சென்றன. சூலியா வணிகர் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு முதல் விளங்கும் மாரியம்மன் கோயிலும் ஜார்ஜ் டவுனின் நடுவே இன்றும் தமிழரின் தொன்மைக்குச் சான்று கூறி நிற்கின்றன. துறைமுகத்திலும் தெருக்களிலும் கடைகளிலும் ஒலித்த அம்மொழிக்கு வானிலும் இடம் கொடுத்தது பினாங்குச் சங்கம்.

காலத்தை ஒப்பிட்டு நோக்கின் இதன் அருமை விளங்கும். கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தோன்றிப் பத்தாண்டுகளே ஆகியிருந்தன. சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' பிறப்பதற்கு இன்னும் ஓராண்டு இருந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பெற்றது 1938இல். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது 1941இல். இவ்விரண்டிற்கும் முன்னரே பினாங்கில் தமிழ் வானொலி இருந்தது.

வால்வுகள் பொருத்திய வானொலிப் பெட்டி அந்நாளில் வசதியுள்ளோர் வீட்டுப் பொருள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய தொழிலாளி அதனை விலைகொடுத்து வாங்க இயலாது. ஆகவே, அத்தமிழ் ஒலிபரப்பு தமிழர் அனைவரையும் எட்டியது எனல் மிகையாகும். எனினும், எழுத்தறியாதவனும் செவியால் அறிவு பெறக்கூடிய ஒரு கருவியில் தமிழ் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பின்னாளில் பெட்டிகள் மலிந்தபோது அவ்விடம் காலியாக இராமல் காத்திருந்தது.

சென்னையும் மைசூரும்

பினாங்கு முயற்சி தனித்து நின்றதன்று. அதற்கு மூத்த உறவு சென்னையில் உண்டு. இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார். அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் கழகத்தின் ஒலிபரப்பு தொடங்கிற்று. முதலில் 40 வாட் ஆற்றலே உடைய சிறு கருவி. பின்னர் அது 200 வாட்டாக உயர்ந்தது. இசையும் சொற்பொழிவும் சென்னை வானில் தவழ்ந்தன. ஆனால், பணமுடை கழகத்தை நெருக்கியது. 1927ஆம் ஆண்டில் ஒலிபரப்பு நின்றது. கழகம் தன் கருவியைச் சென்னை நகராட்சியிடம் ஒப்படைக்க, நகராட்சி 1930ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அதனைக் கொண்டு மீண்டும் ஒலிபரப்பியது.

மைசூரில் மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறு நிலையத்தை அமைத்தார். அந்நிலையத்திற்கு வழங்கிய 'ஆகாசவாணி' என்ற பெயரே பிற்காலத்தில் இந்தியா முழுமைக்கும் உரிய வானொலியின் பெயராயிற்று. இலங்கையில் எட்வர்டு ஹார்ப்பர் என்னும் தந்தி இலாகாப் பொறியியலாளர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்பி செய்து பரிசோதனை நடத்தினார். 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று.

இம்முயற்சிகள் அனைத்தும் ஒரு பாடத்தைப் புகட்டுகின்றன. சந்தாவும் நன்கொடையும் ஆர்வமும் ஒரு வானொலியைப் பிறப்பிக்க வல்லன. நெடுங்காலம் வளர்ப்பதற்கோ அவை பெரும்பாலும் போதுவதில்லை. ஆர்வலர் விதைத்ததை அரசாங்கம் அறுவடை செய்வதே வழக்கமாயிற்று. மலாயாவிலும் அதுவே நிகழ்ந்தது. 1937ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்பு நிறுவனம் சிங்கப்பூரில் கால்டிகாட் குன்றில் பெரிய நிலையத்தைத் திறந்தது. 1940இல் அந்நிறுவனத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. போர் மேகங்கள் சூழ்ந்த அந்நேரத்தில், வானொலி ஆட்சியின் ஆயுதமாக மாறிற்று.

குண்டுமழையில் ஒரு குரல்

ஆனால், ஊரின் வானொலியால் ஊருக்கு விளையும் பயன் யாது என்பதைப் பினாங்கு விரைவிலேயே கண்டது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு பொழிந்தன. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்டிருந்த மக்கள் பெருந்தொகையினர் மாண்டனர். சில நாட்களில், இரவோடு இரவாக, ஆங்கிலேயர் தம் இனத்தாரை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு தீவை விட்டு அகன்றனர். ஆசிய மக்கள் காப்பாரற்று நின்றனர். கார்ன்வாலிஸ் கோட்டையிலோ ஆங்கிலக் கொடி பறந்துகொண்டிருந்தது. கொடி பறக்கும் வரை குண்டும் விழும்!

அவ்வேளையில் முன்வந்தவர் 'ஸ்டிரெயிட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர், கொழும்பு நகரின் முதல் மேயரான டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்துவின் உடன்பிறந்தவர். அவர் கோட்டையில் ஆங்கிலக் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றுவித்தார். பல இனத்தாரும் சேர்ந்த ஒரு சேவைக் குழு ஊரின் ஒழுங்கைக் காக்க முற்பட்டது. ஆங்கிலேயர் சென்றுவிட்டனர், தீவில் காவற்படை எதுவுமில்லை, இனிக் குண்டு வீசவேண்டா என்னும் வேண்டுகோள் பினாங்கு வானொலி வழியே ஜப்பானியருக்கு விடுக்கப்பெற்றது. டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் தீவினுள் நுழைந்தனர்.

ஆட்சி ஓடிவிட்ட ஓர் ஊரில், எவர் ஆணையுமின்றி, மக்கள் உயிரைக் காக்கவேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு ஒலித்த அக்குரலைவிடச் சிறந்த பொது ஒலிபரப்பு வேறு என்ன இருக்க முடியும்? அதற்கு எவரும் பதக்கம் அளிக்கவில்லை. சரவணமுத்துவுக்குக் கிடைத்தது பின்னர் ஜப்பானியர் சிறைவாசமே.

கதையின் மறுபக்கமும் கூறப்படவேண்டும். வெளியேறிய ஆங்கிலேயர் நிலையத்தை அழிக்காமலே விட்டுச் சென்றனர். அதனைக் கைப்பற்றிய ஜப்பானியர், தங்கள் குண்டுவீச்சு எப்படியிருக்கிறதென்று சிங்கப்பூரை நோக்கி அதன் வழியே ஏளனம் பேசினர். சில நாட்களுக்குமுன் உயிர்காக்க மன்றாடிய நிலையமே இப்போது உயிர்பறிப்போரின் வாயாயிற்று! ஒலிபரப்பிக்குச் சுதந்திரம் என்பது இல்லை. அதன் முன் அமர்ந்து பேசுவோருக்கே அஃது உண்டு.

விருதும் அதற்கு அப்பாலும்

போர் ஓய்ந்தபின், 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஒலிபரப்பு இலாகா அமைக்கப்பெற்றது. 'ரேடியோ மலாயா' நான்கு மொழிகளில் பேசிற்று. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்ற அதே நான்கு மொழிகள்! ஓர் ஆர்வலர் சங்கம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் பினாங்கில் வகுத்த முறையை ஓர் அரசாங்கம் பின்னர்க் கைக்கொண்டது. இன்று 'மின்னல் எஃப்.எம்.' என்ற பெயரில் மலேசிய அரசு நடத்தும் தமிழ் வானொலியைக் கேட்போர், அதன் பழைய வேர்களுள் ஒன்று பினாங்கில் இருப்பதை நினைவிற் கொள்ளுதல் தகும்.

அமெரிக்காவில் பெர்க்லி நகரத்தில், நேயர் தரும் சந்தாவைக் கொண்டே நடக்கும் வானொலி 1949ஆம் ஆண்டில் தொடங்கியதைப் பெரும் புதுமையாக வரலாற்றாசிரியர் எழுதுவர். அது பெருமைக்குரியதே. தமிழ்நாட்டில் பாம்பன் மீனவர்களுக்கென 2016ஆம் ஆண்டில் எழுந்த 'கடல் ஓசை' வானொலி, காற்றின் போக்கையும் அலையின் உயரத்தையும் கடலோடிகளுக்குச் சொல்லிவருவதும் பெருமைக்குரியதே. இவை யாவும் ஒரே மரபின் கிளைகள். தன் ஊருக்குத் தேவையானதைத் தன் ஊரின் மொழியில் கூறுவதே அம்மரபின் இலக்கணம்.

விருது வழங்கும் அவைகள் நிகழ்ச்சியைப் பார்க்கின்றன. குரலின் இனிமையையும் ஒலியின் அமைப்பையும் எடைபோடுகின்றன. அது வேண்டியதே. அவற்றோடு, நிலையம் இல்லாத இடத்தில் நிலையத்தை உண்டாக்கியவரையும், ஒதுக்கப்பட்ட மொழிக்கு அலைவரிசையில் ஒரு நேரம் ஒதுக்கியவரையும், ஆபத்து வேளையில் ஒலிவாங்கியை ஊருக்காகப் பயன்படுத்தியவரையும் போற்றுதல் வேண்டும். 1934இல் 49.3 மீட்டரில் எழுந்த பினாங்கின் ஒலி என்றோ காற்றில் கரைந்துவிட்டது. அது ஏற்படுத்திய வழக்கம் கரையவில்லை.