ஃபைவ் பாயின்ட்ஸ்

ஃபைவ் பாயின்ட்ஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில், குயின்ஸ் பகுதியின் லாங் ஐலண்ட் சிட்டியில் அமைந்திருந்த ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டிடமும், அதன் சுவர்களில் உருவான திறந்தவெளி ஓவியக்கூடமும் ஆகும். உரிமையாளரின் இசைவுடன் இருபது ஆண்டுகள் வரை இங்கு கிராஃபிட்டி ஓவியங்கள் வரையப்பட்டன. 2013 ஆம் ஆண்டில் இவை இரவோடு இரவாக வெள்ளையடித்து அழிக்கப்பட்டன. 2014 இல் கட்டிடம் இடிக்கத் தொடங்கப்பட்டு, அவ்விடத்தில் இரு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. இது தொடர்பான வழக்கில் 21 ஓவியர்களுக்கு 67.5 இலட்சம் அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. உள்ளூர்க் கலை ஓரிடத்தின் பெயரையும் ஈர்ப்பையும் உயர்த்தும்போது, அக்கலையைப் படைத்தோருக்கு அவ்விடத்தின் மீது என்ன உரிமை உண்டு என்ற கேள்விக்கு இவ்வழக்கு முக்கிய எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பெயர்

மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் ஆகிய நியூயார்க் நகரின் ஐந்து பெரும் பிரிவுகளும் ஒன்றுகூடும் இடம் என்ற பொருளில் இப்பெயர் சூட்டப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டில் மன்ஹாட்டனில் இருந்த இதே பெயருடைய குடியிருப்புப் பகுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

அமைவிடமும் தொடக்கமும்

கட்டிடம் ஜாக்சன் அவென்யூவில், மோமா பி.எஸ்.1 என்னும் தற்காலக் கலை அருங்காட்சியகத்திற்கு எதிரே இருந்தது. 1892 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இதில் முன்னர் தண்ணீர் அளவிகள் செய்யும் தொழிற்சாலை இயங்கியது. சுமார் 2,00,000 சதுர அடிப் பரப்புடைய இக்கட்டிடத்தை 1970களின் தொடக்கத்தில் கட்டுமானத் தொழிலதிபர் ஜெர்ரி வோல்காஃப் வாங்கினார். தொழிற்சாலைகள் நகரைவிட்டு வெளியேறியதால் இப்பகுதியில் காலியான கட்டிடங்கள் மிகுந்திருந்தன. இக்கட்டிடத்தின் உட்புறம் சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஓவியர், சிற்பி, நகை செய்வோர் போன்றோருக்குக் குறைந்த வாடகையில் பணிக்கூடங்களாக விடப்பட்டது.

1990களில் வெளிச்சுவர்களில் வரைய உரிமையாளர் இசைந்தார். அப்போது இது ஃபன் ஃபாக்டரி என அழைக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டில் மியர்ஸ் ஒன் என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் ஜோனத்தன் கோஹன் சுவர்களுக்குப் பொறுப்பேற்று, புதிய பெயரையும் சூட்டினார்.

ஓவிய மேலாண்மை

கிராஃபிட்டி பொதுவாக அனுமதியின்றி வரையப்படுவது. ஃபைவ் பாயின்ட்ஸில் அதற்கு மாறாக ஓர் ஒழுங்கு பின்பற்றப்பட்டது. புதியவர்கள் தம் முந்தைய படைப்புகளையோ மாதிரி வரைவையோ காட்டி அனுமதி பெற வேண்டும். அதன் அடிப்படையில் கோஹன் அவர்களுக்குச் சுவரை ஒதுக்குவார். சில சுவர்கள் அடிக்கடி மாற்றப்படும் ஓவியங்களுக்கும், சில சுவர்கள் நெடுநாள் நிற்கும் ஓவியங்களுக்கும் என வகுக்கப்பட்டிருந்தன. 7 ஆம் எண் தொடர்வண்டி மேம்பாலப் பாதையில் இக்கட்டிடத்தை ஒட்டிச் சென்றதால், பயணிகளின் கண்ணில் படும் சுவர்கள் தேர்ந்த ஓவியர்களுக்கே கிடைத்தன. ஆபாசம், அரசியல், சமயம் ஆகியவை சார்ந்த ஓவியங்களை உரிமையாளர் விரும்பவில்லை. இவற்றைத் தவிர வேறு பெரிய கட்டுப்பாடுகள் இல்லை.

ஓவியர்களுக்கு ஊதியம் தரப்படவில்லை. அவர்களிடம் கட்டணமும் பெறப்படவில்லை. எழுத்துவடிவ ஒப்பந்தம் ஏதும் செய்துகொள்ளப்படவில்லை. இந்த வாய்மொழி ஏற்பாடே பின்னர் வழக்கின் மையமானது. காலப்போக்கில் 10,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இங்கு வரையப்பட்டன. பிரேசில், ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்தும் ஓவியர்கள் வந்தனர். சுற்றுலாக் குழுக்களும் பள்ளி மாணவர்களும் பார்வையிட்டனர். இசை நிகழ்படங்களும் திரைப்படக் காட்சிகளும் இங்கு படமாக்கப்பட்டன.

2009 ஆம் ஆண்டில் வெளிப்புறப் படிக்கட்டு இடிந்து ஒரு கலைஞர் படுகாயமுற்றார். இதனைத் தொடர்ந்து நகரக் கட்டிடத் துறை உட்புறப் பணிக்கூடங்களை மூடியது. வெளிச்சுவர் ஓவியப் பணி தொடர்ந்தது.

நில மதிப்பும் மறுமேம்பாடும்

மன்ஹாட்டனுக்கு மிக அருகில் இருப்பதும் தொடர்வண்டி வசதியும் லாங் ஐலண்ட் சிட்டியின் நில மதிப்பு உயர அடிப்படைக் காரணங்களாகும். 2001 ஆம் ஆண்டில் நகர நிருவாகம் நிலப்பயன்பாட்டு விதிகளை மாற்றி உயர்ந்த கட்டிடங்களுக்கு வழிவகுத்தது. எனவே விலை உயர்வு முழுவதையும் ஓவியங்களின் விளைவாகக் கொள்ள இயலாது. எனினும், பழைய தொழிற்பகுதி ஒன்று பயணிகள் தேடிவரும் இடமாக அறியப்பட்டதில் ஓவியங்களுக்குப் பங்குண்டு.

கட்டிடத்தை இடித்துக் குடியிருப்புக் கோபுரங்கள் எழுப்ப உரிமையாளர் சிறப்பு அனுமதி கோரினார். நியூயார்க் நகர மன்றம் 2013 அக்டோபரில் இதற்கு ஒப்புதல் அளித்தது. குறைந்த வாடகை வீடுகளின் எண்ணிக்கை 210 ஆக உயர்த்தப்பட்டது. புதிய கட்டிடத்தில் சுவரோவியங்களுக்கு இடம் ஒதுக்கவும் உரிமையாளர் உடன்பட்டார்.

கட்டிடத்தை மரபுச் சின்னமாக அறிவிக்குமாறு கோஹன் விண்ணப்பித்தார். ஓவியங்களின் வயது 30 ஆண்டுகளுக்குக் குறைவு என்பதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. நிதி திரட்டி இடத்தை விலைக்கு வாங்கவும் அவர் முயன்றார். ஆனால் 4 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டிருந்த இடம், கட்டுமான அனுமதிக்குப் பின் 20 கோடி டாலராக உயர்ந்தது எனத் தீர்ப்பில் குறிப்பிடப்பட்டுள்ளது. அதனால் அம்முயற்சியும் கைகூடவில்லை.

வெள்ளையடிப்பு

ஓவியர்கள் 2013 அக்டோபரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து இடைக்காலத் தடை கோரினர். நீதிபதி ஃபிரடெரிக் பிளாக் நவம்பர் 12 அன்று தடை வழங்க மறுத்தார். விரிவான ஆணை பின்னர் வரும் எனக் கூறப்பட்டிருந்தது. அது வெளிவருவதற்கு முந்தைய நாளான நவம்பர் 19 அன்று விடியுமுன், உரிமையாளரின் ஆட்கள் ஓவியங்கள் மீது வெள்ளை வண்ணம் பூசினர். பூச்சு மெல்லியதாக இருந்ததால் பல ஓவியங்கள் அடியில் மங்கலாகத் தெரிந்தன. பெயர்த்தெடுக்கக்கூடிய படைப்புகளை எடுத்துச் செல்லவும் ஓவியர்கள் அனுமதிக்கப்படவில்லை.

கட்டிடத்தோடு ஓவியங்கள் துண்டு துண்டாக இடிபடுவதைக் காண்பது ஓவியர்களுக்கு மேலும் வேதனை தரும் என்பதாலேயே இவ்வாறு செய்ததாக உரிமையாளர் விளக்கம் அளித்தார்.

வழக்கும் தீர்ப்பும்

வழக்கு 1990 ஆம் ஆண்டின் காண்கலைஞர் உரிமைகள் சட்டத்தின் அடிப்படையில் அமைந்தது. இச்சட்டத்தின் முதன்மைக் கூறுகள்:

* அங்கீகரிக்கப்பட்ட தகுதியுடைய கலைப்படைப்பை வேண்டுமென்றே அழிப்பதைத் தடுக்கும் உரிமை கலைஞருக்கு உண்டு. படைப்பு நிற்கும் இடத்தின் உடைமை வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தாலும் இது பொருந்தும்.
* சிதைக்காமல் பெயர்த்தெடுக்கக்கூடிய படைப்பாயின், கட்டிட உரிமையாளர் எழுத்துவழி அறிவிப்புத் தந்து 90 நாள் கால அவகாசம் அளிக்க வேண்டும்.
* பெயர்க்க இயலாத படைப்பாயின், கலைஞர் எழுத்து மூலம் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால் மட்டுமே அதனை அழிக்கலாம்.

2017 இல் விசாரணை நடந்தது. 49 படைப்புகளில் 45 அங்கீகரிக்கப்பட்ட தகுதி உடையவை என 2018 பிப்ரவரி 12 அன்று நீதிபதி பிளாக் தீர்ப்பளித்தார். ஒவ்வொன்றுக்கும் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான 1,50,000 டாலர் விதிக்கப்பட்டது. வெள்ளையடித்த பின் பல மாதங்கள் கழித்தே கட்டிடம் இடிக்கப்பட்டதால், அவசரமாக வெள்ளையடிக்கத் தேவை எதுவும் இருக்கவில்லை என நீதிபதி சுட்டிக்காட்டினார். அனுமதிகள் பெற்று இடிக்கும் வரை உரிமையாளர் காத்திருந்தால் இச்செயலை வேண்டுமென்றே செய்ததாகக் கருதியிருக்க மாட்டார் என்றும் கூறினார்.

மேல்முறையீட்டில், மாறிக்கொண்டே இருக்கும் தற்காலிக ஓவியங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று உரிமையாளர் தரப்பு வாதிட்டது. படைப்பு குறுகிய காலமே நிற்பது என்பதால் அதன் தகுதி குறையாது எனக் கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 பிப்ரவரி 20 அன்று தீர்ப்பை உறுதிசெய்தது. ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. வோல்காஃப் அதே ஆண்டு ஜூலையில் காலமானார்.

தாக்கம்

தீர்ப்பு ஓவியங்களையோ கட்டிடத்தையோ மீட்கவில்லை. அவ்விடத்தில் 40க்கும் மேற்பட்ட மாடிகளைக் கொண்ட இரு கோபுரங்கள் 1,100க்கும் மேற்பட்ட வீடுகளுடன் கட்டப்பட்டன. ஓவியர்களின் எதிர்ப்பையும் மீறிப் புதிய குடியிருப்பு ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற பெயரிலேயே விளம்பரப்படுத்தப்பட்டது. அழிக்கப்பட்ட கலையின் பெயர் விற்பனைக்குப் பயன்பட்டது என்பது இதன் மீதான முதன்மை விமர்சனமாகும்.

தீர்ப்பு இரு வகையாக மதிப்பிடப்படுகிறது. தெருவோவியத்தையும் சட்டம் கலையாக ஏற்றது என்பது ஒரு கருத்து. உரிமையாளர்கள் இனி உரிமைத் துறப்பு ஒப்பமின்றிச் சுவரைத் தரமாட்டார்கள், எளிய வாய்மொழி இசைவுகள் அருகிவிடும் என்பது மற்றொரு கருத்து.

ஒப்பிடத்தக்க நிகழ்வுகள்

மயாமி நகரின் வின்வுட் பகுதியில் 2009 இல் தொடங்கப்பட்ட வின்வுட் வால்ஸ், இதற்கு எதிர்த்திசையில் அமைந்த எடுத்துக்காட்டு. அங்கு நில மேம்பாட்டாளர் டோனி கோல்ட்மன் தாமே பண்டகசாலைகளை வாங்கி, ஓவியர்களை அழைத்து வரையச் செய்தார். கலை தொடக்கத்திலிருந்தே மேம்பாட்டுத் திட்டத்தின் பகுதியாக இருந்தது.

இந்தியாவில் 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57 ஆம் பிரிவு படைப்பாளியின் தார்மீக உரிமைகளைக் குறிக்கிறது. புதுதில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தம் சுவர்ச்சிற்பம் அகற்றப்பட்டுச் சிதைக்கப்பட்டதை எதிர்த்துச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2005 இல் எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.