ஆடும் கப்பலில் அசையாத அளவு



நம் பாட்டன் பூட்டன்மார் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறி மலாயா வந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். அலையின் ஆட்டம் ஒரு பக்கம், இயந்திரத்தின் அதிர்வு மறுபக்கம். அப்படிப்பட்ட கப்பலில் ஒரு குன்றிமணிப் பொருளைச் சரியாக நிறுக்க முடியுமா?

1872 டிசம்பரில் 'சேலஞ்சர்' என்னும் கப்பல் உலகக் கடல்களை ஆராய இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. அதில் சென்ற இரசாயன அறிஞர் புக்கானன். இரசாயனத் தராசோ மூச்சுக்காற்றுப் பட்டாலே முள் ஆடும். கப்பலில் அது எப்படி நிற்கும்? ஆகவே அவர் கடல்நீரின் அடர்த்தியை நீர்மானியை மிதக்கவிட்டு அளந்தார். அந்தப் பாத்திரத்தைத் தொங்கும் மேசைமேல் வைத்தார். கப்பல் சாய்ந்தாலும் மேசை தூளிபோலத் தொங்கிச் சமமட்டமாக நின்றது. தராசு வேண்டிய வேலைக்கு நீரைப் புட்டிகளில் அடைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்.

1876 மே மாதம் கப்பல் திரும்பியது. கிளாஸ்கோ நகரில் டிட்மார் என்பவர் 77 நீர் மாதிரிகளை அசையாத மேசைமேல் வைத்துச் சோதித்தார். முடிவு 1884இல் வெளிவந்தது. கடல்நீரில் உப்பு இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஆனால் முக்கிய உப்புகள் கலந்திருக்கும் விகிதம் எங்கும் ஏறத்தாழ ஒன்றே!

1888இல் ஹங்கேரி நாட்டு விங்க்லர் கப்பலில் தராசே வேண்டாத வழி ஒன்றைத் தந்தார். நீரில் கரைந்த பிராணவாயுவைப் புட்டிக்குள்ளேயே மருந்திட்டுப் பிடித்துவைக்க வேண்டும். பிறகு அளவுக்குழாயிலிருந்து வேறொரு மருந்துநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மறையும் இடத்தைப் பார்த்தால் போதும். மருந்துகளைக் கரையிலேயே நிறுத்து எடுத்துப் போகலாம்.

இன்று கப்பலுக்கென்றே மின்தராசு வந்துவிட்டது. உள்ளே இரண்டு நிறுவைகள். ஒன்றில் எடை தெரிந்த கல் இருக்கும். ஆட்டத்தில் அது எவ்வளவு தவறாகக் காட்டுகிறதோ, அதை வைத்து மற்றதன் தவற்றைக் கருவியே திருத்திக்கொள்ளும்.

சரி, கடலில் நடப்பது நமக்கு என்னத்துக்கு என்கிறீர்களா? ரப்பர் வெட்டியவர்களுக்கு மெட்ரோலாக் தெரியும். பாலில் மிதக்கவிட்டு ரப்பர் எவ்வளவு என்று பார்க்கும் அந்தக் கருவி, புக்கானனின் நீர்மானிக்கு உடன்பிறப்புதான். அது ஆடி நிற்குமுன்னே எண்ணைப் படித்தால், விடியுமுன் மரத்தடிக்குப் போனவரின் கூலியில் அல்லவா கைவைக்கும்?

மாணவர்களே! கருவி நிலைத்த பின் படியுங்கள். சந்தேகம் வந்தால் மறுபடி அளந்து பாருங்கள். சரியாக அளக்கத் தெரிந்த பிள்ளையின் பெற்றோரை எந்த நிறுவையும் ஏமாற்ற முடியாது.