ஆற்காட்டின் சிறுவன் நவாப்பும் புதுச்சேரிக்குத் திறந்த வழியும் (1742–1749)

வணிகக் கும்பெனியாக இருந்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் நவாப்புகளை ஏற்றவும் இறக்கவும் துணிந்த கதையை ஆம்பூர்ப் போரிலிருந்து தொடங்குவதே வழக்கம். 1749 ஆகஸ்டில் சந்தா சாகிபு, ஐதராபாத் நிஜாமின் பேரன் முசாபர் ஜங், புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளெக்ஸ் அனுப்பிய பிரெஞ்சுப் படை ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கானை அங்கே வீழ்த்தின. அதற்கான பெருமையை பிரெஞ்சு எழுத்தாளர்கள் துய்ப்ளெக்ஸின் மேதைமைக்குக் கொடுத்தார்கள். ஆங்கிலேயர் அதையே அவருடைய சூழ்ச்சி என்றார்கள். புகழ்ச்சி, இகழ்ச்சி இரண்டிலும் கதையின் நாயகன் ஒருவரே. என் கருத்து வேறு. துய்ப்ளெக்ஸ் நுழைந்த வாசலை அவர் திறக்கவில்லை. அது ஐந்தாண்டுகளுக்கு முன்பே, ஆற்காட்டில் பெயருக்கு நவாப்பாக இருந்த ஒரு சிறுவனைச் சுற்றி நடந்த ஏற்பாடுகளால் திறந்துபோயிருந்தது. சஃப்தர் அலி கானின் மகன் சையது முகம்மது கான் என்ற அந்தச் சிறுவன், பட்டியல்களில் இரண்டாம் சாதத்துல்லா கான் என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறான். நவாயத்து வம்சத்திடமிருந்து பின்னாளில் வாலாஜா எனப் பெயர்பெற்ற வம்சத்துக்கு ஆற்காடு கைமாறியது அந்த ஒரு வரிக்குள்தான்.

சிறுவனின் உறவுமுறையை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இங்கே அரசியல் முழுவதும் சம்பந்தி வீட்டு அரசியல். நவாயத்து வம்சத்தின் முதல் நவாப்பான முதலாம் சாதத்துல்லா கானுக்குப் பிள்ளையில்லை. 1732-இல் அவருக்குப் பின் தம்பி மகன் தோஸ்து அலி நவாப் ஆனார். தோஸ்து அலியின் மகன் சஃப்தர் அலி. மருமகன்களில் ஒருவர் திருச்சிராப்பள்ளியைப் பிடித்த சந்தா சாகிபு, இன்னொருவர் வேலூரின் கில்லேதார் (கோட்டைத் தலைவர்) முர்தசா அலி, மற்றொருவர் வந்தவாசியின் தகி சாகிபு. ஆக, நம் சிறுவனுக்கு அத்தைமார் கணவர்கள் மூவரிடமும் ஆளுக்கொரு கோட்டையும் படையும் இருந்தன. 1740 மே மாதம் ரகூஜி போன்ஸ்லேயின் மராட்டியப் படை தாமல்செருவுக் கணவாயில் தோஸ்து அலியைக் கொன்றபோது, நவாப் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அடைக்கலம் தேடி வந்த ஊர் புதுச்சேரி. ஆளுநர் துய்மா கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார். சந்தா சாகிபின் மனைவியை ஒப்படைக்கும்படி ரகூஜி மிரட்டியபோது மறுத்தார். இதற்காக முகலாயப் பேரரசர் அவருக்கு நவாப் பட்டமே கொடுத்தார். அந்தப் பட்டம் அவருக்குப் பின் வந்த துய்ப்ளெக்ஸுக்கும் சேர்ந்தது. இதை வெறும் மனிதாபிமானக் கதையாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அன்றுமுதல் நவாயத்து வம்சத்தின் ஒரு கிளை புதுச்சேரி மதிலுக்குள் குடியிருந்தது. 1741-இல் திருச்சி விழுந்து சந்தா சாகிபு சதாராவுக்குக் கைதியாகப் போன பிறகும் அவர் மனைவியும் மகனும் இங்கேயே இருந்தார்கள். சஃப்தர் அலியோ, பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிபோடு நெருக்கமானவர்கள் என்று சந்தேகப்பட்டுத் தம் குடும்பத்தையும் கஜானாவையும் சென்னப்பட்டணத்து ஆங்கிலேயரிடம் வைத்தார் என்கிறார் வரலாற்றாளர் ராபர்ட் ஓர்ம். வம்சம் பிளவுபடும் முன்பே அதன் வாரிசுகள் இரண்டு ஐரோப்பியக் கோட்டைகளில் பிரித்து வைக்கப்பட்டிருந்தார்கள்.

1742 அக்டோபரில் வேலூரில் முர்தசா அலி சஃப்தர் அலியைக் கொல்லச் செய்தார். நஞ்சு பலிக்காமல் போகவே கத்தி வந்தது. உடனே தம்மை நவாப் என்று அறிவித்துக்கொண்டார். பட்டம் சில வாரம்கூட நிலைக்கவில்லை. படைவீரர்கள் சம்பளப் பாக்கி கேட்டு எழுந்தார்கள். முர்தசா அலி பெண் வேடத்தில் ஆற்காட்டிலிருந்து வேலூருக்குத் தப்பினார் என்று ஓர்ம் எழுதுகிறார். வேடக் கதையை நம்பலாம், நம்பாமலும் விடலாம். கவனிக்க வேண்டியது, படை அடுத்து யாரைத் தேடியது என்பதை. கோட்டையும் வயதும் உள்ள மற்ற உறவினரைத் தேடவில்லை. சென்னப்பட்டணத்திலிருந்த சிறுவனை நவாப் என்று அறிவித்தது. தந்தைக்குப் பின் மகன் என்ற மரபு இதற்குக் காரணம் என்பார்கள். அந்த வம்சத்தில் அப்படியொரு மரபு வேரூன்றக் காலமே இருக்கவில்லை. இரண்டாவது நவாப்பே தம்பி மகன்தான். பாக்கி கேட்டு நின்ற படைக்கு, கஜானா இருந்த வீட்டின் பிள்ளை நவாப் ஆவதில் நேரடி லாபம் இருந்தது என்று ஊகிக்க இடமிருக்கிறது. கில்லேதார்களுக்கும் அது வசதி: தங்களில் ஒருவன் மேலே போவதைவிட, யாருக்கும் உத்தரவிட முடியாத பிள்ளை மேலே இருப்பது எல்லாருக்கும் பொறுக்கக்கூடியது. சிறுவனை வந்தவாசியில் தகி சாகிபின் காவலில் வைத்தார்கள். யாரும் யாரையும் நம்பாத இடத்தில் அவன் பெயர் ஒரு தவணையாக நின்றது.

அந்தத் தவணையை, ஆற்காட்டுக்கு மேலதிகாரியான தக்காணச் சுபேதார் நிஜாம் உல் முல்க் முடித்துவைத்தார். 1743 மார்ச்சில் அவர் ஆற்காட்டுக்கு வந்தபோது உடன் 80,000 குதிரையும் 2,00,000 காலாளும் வந்தன என்ற ஓர்மின் கணக்கு மிகைதான்; எதிர்க்க ஒருவரும் இல்லை என்பது மட்டும் மெய். ஒரே நாளில் 18 நவாப்புகளைப் பார்த்துவிட்டேன், இனி அப்படிச் சொல்லிக்கொண்டு எவனாவது வந்தால் சவுக்கடி என்று அவர் சீறினார் என்பதும் ஓர்ம் தரும் செய்தி. சிறுவனை அவர் மரியாதையாகவே நடத்தினார். ஆனால் உறவினர் கையில் திருப்பித் தரவில்லை. முதலில் அமர்த்திய கோஜா அப்துல்லா கான் 1744 மார்ச்சில் புறப்படவிருந்த வேளையில் படுக்கையில் பிணமாகக் கிடந்தார். அடுத்து வந்தவர் அன்வருத்தீன் கான்: வடக்கே கோபாமாவைச் சேர்ந்தவர், நிஜாமின் நம்பிக்கைக்குரிய அதிகாரி, ஆற்காட்டுச் சம்பந்தி வட்டத்துக்கு முற்றிலும் அந்நியர். அவருக்குக் கிடைத்த பொறுப்பு இரண்டடுக்கு கொண்டது. நாட்டை நிர்வகிக்க வேண்டும். சிறுவன் ஆளாகும்வரை அவனுக்குக் காப்பாளராகவும் இருக்க வேண்டும். பிள்ளை வளர்ந்தால் வேலை போகும் என்ற நிபந்தனையோடு ஒருவரை அந்தப் பிள்ளைக்கே காவல் வைத்தார் நிஜாம்.

சீன வரலாறு இந்த ஏற்பாட்டை நன்கு அறியும். மேற்கு ஹான் வம்சத்தின் கடைசியில், கி.பி. 6-இல், வாங் மாங் ஒரு கைக்குழந்தையை வாரிசாகத் தேர்ந்தெடுத்தார். யிங் என்ற அந்தக் குழந்தையைப் பேரரசனாக முடிசூட்டாமல் பட்டத்து இளவரசனாக மட்டும் வைத்துத் தாம் பதில் பேரரசராக அமர்ந்தார், கி.பி. 9-இல் பதிலையும் நீக்கிவிட்டுத் தம் பெயரிலேயே புது வம்சம் தொடங்கினார். நம் பக்கத்திலேயே தஞ்சாவூரில், நாயக்கர் வாரிசு செங்கமலதாசை அரியணையேற்ற பீஜப்பூர் அனுப்பிய ஏகோஜி, 1670-களின் நடுவில் தாமே அரசரான செய்தி உண்டு. வாங் மாங் யிங்கைக் கொல்லவில்லை. அதனாலேயே கி.பி. 25-இல் ஒரு கலகக் கூட்டம் அவனை எடுத்துப் பேரரசன் என்று நிறுத்த முடிந்தது. அவன் மாண்டது அப்போதுதான். உயிரோடிருக்கும் பழைய வாரிசு புது வம்சத்துக்கு ஆபத்து என்பதை இது காட்டுகிறது. ஆற்காடு காட்டுவது இதன் மறுபக்கம்: கொலையுண்ட வாரிசும் அதே அளவு ஆபத்து.

1744 ஜூன் வாக்கில் ஆற்காட்டில் உறவினர் திருமணம் ஒன்று. சஃப்தர் அலி காலத்துச் சம்பளப் பாக்கி கேட்டுச் சில பட்டாணியச் சிப்பாய்கள் ஏற்கெனவே மரியாதையின்றி நடந்திருந்தார்கள். திருமண நாளில் அவர்களுடைய தலைவன் மன்னிப்புக் கேட்பவனைப் போல நெருங்கிச் சிறுவனைக் குத்தினான். கொலையாளிகளைக் கூட்டம் அங்கேயே வெட்டித் தள்ளியது. விருந்துக்கு வந்திருந்த முர்தசா அலி அவசரமாக வேலூர் போய்ச் சேர்ந்தார். அவர்மேல் அன்வருத்தீன் பழி சொன்னார். ஊர் இருவரையும் சொன்னது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அந்த இடத்திலேயே செத்துப்போனார்கள். மூலங்களின் நிலையும் அப்படித்தான். பாரசீகத்தில் புர்ஹான் இப்னு ஹசன் எழுதிய ‘துசுக்-ஏ-வாலாஜாஹி’, கொலையால் பலன்பெற்ற வம்சத்தின் அரண்மனை வரலாறு. ஓர்ம் ஆங்கிலக் கும்பெனியின் வரலாற்றாளர். அவருடைய முதல் தொகுதி 1763-இல்தான் வந்தது. நமக்கு அருகில் இருந்திருக்க வேண்டிய கண், நாட்குறிப்பு எழுதிய புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளையுடையது. ஆனால் 12 ஆங்கிலத் தொகுதிகளில் 1736 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஒரே தொகுதியில் அடங்கிவிடும் அளவுக்கு நாட்குறிப்பின் தொடக்கப் பகுதி மெலிந்தது. தேதியிலும் எச்சரிக்கை தேவை: ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாள்காட்டியில் இருந்ததால், ஓர்மின் ஆம்பூர்ப் போர் ஜூலை 23-லும் புதுச்சேரியின் ஆம்பூர்ப் போர் ஆகஸ்ட் 3-லும் நடக்கிறது. இவற்றைக்கொண்டு அன்வருத்தீன் குற்றவாளி என்று எழுதுவது நியாயமாகாது. என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. சிறுவன் போன பின் நிஜாம் அவரையே நவாப் என்று உறுதிசெய்தார். நியமன ஆணையான சனத்து வந்தது. காப்பில் இருந்த பிள்ளை செத்ததற்குக் கணக்கு வரவில்லை.

என் வாதத்துக்கு மறுப்பு உண்டு. 1748-இல் நிஜாம் இறந்து, மகன் நாசிர் ஜங்கும் பேரன் முசாபர் ஜங்கும் மோதியதுதான் கர்நாடகத்துப் போரின் காரணம், ஆற்காட்டுப் பிள்ளைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பது முதல் கேள்வி. ஐதராபாத் சண்டை, முசாபர் ஜங்குக்கு ஏன் கூட்டாளி தேவைப்பட்டது என்பதை விளக்கும். அந்தக் கூட்டாளி ஏன் சந்தா சாகிபாக இருக்க முடிந்தது என்பதை விளக்காது. ஏழாண்டு சிறையிலிருந்தவர், கையில் ஒரு கோட்டை இல்லாதவர். அவரிடம் இருந்தது தோஸ்து அலியின் மருமகன் என்ற முறை மட்டுமே. சிறுவன் உயிரோடு நவாப்பாக இருந்திருந்தால் அந்த முறைக்கு மதிப்பே கிடையாது; அத்தை புருஷன் வாரிசு ஆகமாட்டான். நேர்வாரிசு மறைந்து, இடத்தில் ஓர் அந்நியர் அமர்ந்ததும், அந்த முறை வம்ச உரிமையாக உயர்ந்தது. சாதத்துல்லா குடும்பத்தின்மேல் நாட்டாருக்கு இருந்த பற்றை ஓர்மும் பதிவு செய்கிறார். நவாயத்துகள் ஒற்றுமையாக இல்லையே என்பது அடுத்த கேள்வி. உண்மை, ஒருவரை ஒருவர் கொன்றவர்கள். சந்தா சாகிபுக்காக அவர்கள் ஒன்றுதிரண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அன்வருத்தீனுக்காக உயிரைக் கொடுக்க அவர்களில் யாருக்கும் காரணம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

சந்தா சாகிபு விடுதலையாகத் துய்ப்ளெக்ஸ் பணத்துக்குப் பிணை நின்றதும், வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்ததும் தெரிந்த செய்திகள். அவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பின்னாலே நடந்தவை. 1751 பிப்ரவரியில், அதற்குள் தக்காணச் சுபேதாராகியிருந்த முசாபர் ஜங் கடப்பைப் பக்கத்தில் கொல்லப்பட்டபோது அவருக்குச் சிறு மகன் இருந்தான். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அவனை ஒதுக்கிவிட்டு, பாளையத்தில் கைதியாக இருந்த நிஜாமின் இன்னொரு மகன் சலாபத் ஜங்கைச் சுபேதாராக்கினார். எல்லாரும் காலம் கடத்த விரும்பும் இடத்தில்தான் குழந்தை அரசன் பயன்படுவான். அன்றே படைக்கு முகம் காட்ட வேண்டிய பாளையத்தில் அவனால் பயனில்லை. 1752-இல் சந்தா சாகிபும் மாண்டபின், துய்ப்ளெக்ஸ் அவர் மகன் ராசா சாகிபை முன்னிறுத்தினார். 1753-இல் நவாப் பட்டத்தை நீட்டியது வேலூர் முர்தசா அலியிடம். சஃப்தர் அலியைக் கொல்வித்தவர், அவர் மகனான நம் சிறுவனின் கொலையிலும் பெயர் அடிபட்டவர் புதுச்சேரிக்கு வந்து அதைப் பெற்றுக்கொண்டார். நீதிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. துய்ப்ளெக்ஸிடமிருந்த பட்டியலில் நவாயத்துப் பெயர்கள் தவிர வேறில்லை, அவ்வளவே. எதிர்ப்பக்கம் அன்வருத்தீனின் மகன் முகம்மது அலி போர்க்களத்தில் வென்றார். ஆனால் அவர் ஆற்காட்டின் சட்டப்படியான நவாப்தான் என்று பிரெஞ்சுக்காரர் ஒப்புக்கொள்ள, 1763-ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு வரை ஆயிற்று.