ஆறு நாள் கோட்டையும் அரை லட்சம் ரூபாயும்

கையில் இருப்பது அரை லட்சம் ரூபாய். அதற்குள் வீடியோ விளையாட்டு ஆடுவதற்கேற்ற கம்ப்யூட்டர் ஒன்றை உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்க்க வேண்டும். எதற்குத் தாராளமாகக் கொடுப்பது, எதில் முடிச்சை இறுக்குவது? கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் வீடுகளில் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு அழிக்கிறார்கள். தகப்பனார்களோ, "நேற்றுப் பிறந்த பைத்தியம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடக்கூடிய விஷயமல்ல இது. பருத்தி விற்ற பணம் அதில் அடங்கியிருக்கிறது. நேற்றுப் பிறந்ததும் அல்ல. குறைந்த பணம், குறைந்த அவகாசம், அகப்பட்ட சாமான், எதிரில் பலசாலியான எதிரி - இந்த நாலையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்ட ஒருவர் இதே மண்ணில் இருந்திருக்கிறார்.

1799 அக்டோபர் 16-ம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினியார், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையையும் இடித்துத் தரையாக்கினார்கள். தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் கிடந்தார். 1801 பிப்ரவரி 2-ம் தேதி அவர் சிறையிலிருந்து தப்பி ஊர் வந்து சேர்ந்தார். ஒரு வாரம் கழித்து, கலகத்தை முளையிலேயே கிள்ளிவிடலாம் என்று மேஜர் மெக்காலே ஒரு சிறு படையோடு வந்து பார்த்தால், வெறும் பொட்டலாக இருந்த இடத்தில் கோட்டை நிற்கிறது! ஆறே நாள் வேலை. மேஜர் வந்த வழியே பாளையங்கோட்டைக்குத் திரும்பினார்.

சிறையிலிருந்து வெளியே வந்த மனிதரிடம் பொக்கிஷம் ஏது? கருங்கல் உடைத்துக் கொண்டுவர நாள்தான் ஏது? அந்தப் போரில் கலந்துகொண்ட வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1830-ல் வெளியான தமது நினைவுக் குறிப்புகளில் கோட்டையை வர்ணிக்கிறார். ஏறக்குறைய 500 அடி நீளம், 300 அடி அகலம். முழுக்க முழுக்க மண். சுவரின் உயரம் சுமார் 12 அடி. சிறிய கொத்தளங்களில் சில பழைய பீரங்கிகள். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. அகழி கிடையாது.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசிச் சங்கதிதான். கோட்டை என்றால் அகழி வேண்டும், அதிலே முதலை வேண்டும் என்று நாவலாசிரியர்களாகிய நாங்கள் எழுதி எழுதி வாசகர்களைக் கெடுத்து வைத்திருக்கிறோம். ஊமைத்துரை அகழியை விட்டுவிட்டார். கருவேலமுள் இருக்கும் சீமையில் வேலி போதும். உழைப்பு அத்தனையும் சுவருக்குப் போயிற்று. பீரங்கிக் குண்டு விழப்போவது அங்கேதானே? கல் சுவரில் குண்டு பட்டால் கல் சிதறும். பசையுள்ள மண் சுவரோ குண்டை விழுங்கிவிட்டு நிற்கும். மார்ச் 31-ம் தேதி கும்பினிப் படை பெரும் தாக்குதல் நடத்தி, ஏராளமான உயிர்களைப் பலிகொடுத்துப் பின்வாங்கியது. கர்னல் அக்னியூ தலைமையில் மேலும் படைகளும் பீரங்கிகளும் வந்து, மே 24-ம் தேதிதான் கோட்டை விழுந்தது.

பாரம் எங்கே விழுகிறதோ அங்கே செலவிடுவது என்ற இந்தக் கணக்குதான் கம்ப்யூட்டருக்கும். உறுப்புகளைக் கடைகடையாகப் பொறுக்கிச் சேர்க்கும் வசதி சாமானியனுக்குக் கிடைத்ததற்கும் ஓர் அவசரமே காரணம். அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி ஏறக்குறைய ஒரே வருஷத்தில் சிறிய கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்து முடிக்க நினைத்தது. எல்லாவற்றையும் தானே செய்ய நாள் போதாது. ப்ராஸஸரை இன்டெலிடமும், இயக்கும் மென்பொருளை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கிச் சேர்த்து 1981 ஆகஸ்டில் வெளியிட்டது. அமைப்பு விவரங்களையும் அச்சிட்டு விற்றது. மறுவருஷமே காம்பேக் கம்பெனி அதற்கு ஒத்த யந்திரத்தை அறிவித்துவிட்டது. பிறகு கேட்பானேன்? சென்னையில் ரேடியோ சாமான் விற்ற ரிச்சி தெரு, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் தெருவாயிற்று. குச்சி ஒரு கையில், பெட்டி ஒரு கையில், மருந்து ஒரு கையில் என்று தீப்பெட்டி செய்து பழகிய கோவில்பட்டிக்காரர்களுக்கு இந்தத் தொழிலின் சூட்சுமத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை.

மலிவு யந்திரங்களின் சரித்திரத்தில் 1998-ம் வருஷத்தைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். அந்த ஏப்ரலில் இன்டெல் கம்பெனி செலரான் என்ற மலிவுப் ப்ராஸஸரைக் கொண்டுவந்தது. விலையைக் குறைப்பதற்காக, அடிக்கடி தேவைப்படும் விவரங்களைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் 'கேஷ்' என்ற நினைவகத்தின் இரண்டாம் அடுக்கை அடியோடு நீக்கிவிட்டார்கள். ஊறுகாய்கூட இல்லாத பழைய சோறு மாதிரி ஆயிற்று, எல்லோரும் ஏசினார்கள். ஆகஸ்டில் 300ஏ என்ற மாதிரி வந்தது. அதில் 128 கிலோபைட் கேஷை ப்ராஸஸருக்குள்ளேயே பதித்திருந்தார்கள். விலையுயர்ந்த பென்டியம் 2-ல் இருந்தது 512 கிலோபைட். ஆனால் அது பாதி வேகத்தில் ஓடியது. இது சிறிசு, முழு வேகத்தில் ஓடியது. மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், 300-க்கு விற்ற சரக்கு 450-ல் ஓடும். எல்லாம் ஓடாது, பெரும்பாலானவை ஓடின. இதன் விலை 149 டாலர். 450-ல் ஓடுவதற்கென்றே விற்ற பென்டியம் 2 அப்போது 669 டாலர்! அளவைப் பார்த்தவன் ஏமாந்தான். வேலையைப் பார்த்தவன் ஜெயித்தான்.

விளையாட்டில் இன்று பாரம் விழும் சுவர் கிராபிக்ஸ் கார்டு. 1996-ல் 'வூடூ' கார்டு வந்தது முதல், திரையில் உருவங்களைத் தீட்டும் வேலை மெல்ல மெல்ல ப்ராஸஸரின் கையை விட்டு இதனிடம் வந்துவிட்டது. ஆகவே பணத்தில் மூன்றில் ஒரு பங்கோ, சற்று அதிகமோ இதற்குப் போவது நியாயம். ப்ராஸஸர் நடுத்தரமாக இருக்கட்டும். ரேம் ஒரே 16 ஜி.பி. பலகையாக வேண்டாம், இரண்டு 8 ஆகப் போட்டால் விவரம் போகவர இரண்டு பாதை கிடைக்கும். கேபினெட்டில் வர்ணஜால விளக்கு வேண்டியதில்லை. கல்யாணப் பந்தலா கட்டுகிறோம்? கரிசல் புழுதியை வடிகட்ட வலையும், சித்திரை வெயிலில் காற்றுப் போகவர வழியும் இருந்தால் போதும்.

இந்தச் சந்தை மழையைப் போல. நம்மைக் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. டிஜிட்டல் நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டுபோய் விலையை ஏற்றினார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் அந்த முறையையே கைவிட்டது. இரவு பகலாக உழைத்துக் களைத்த கார்டுகள் பழைய சாமான் சந்தையில் வந்து குவிந்தன. 2025 கடைசியில் செயற்கை அறிவுக் கூடங்களின் பசியால் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. பழைய கார்டு வாங்குகிறவர்கள் வாரண்டி பாக்கி இருக்கிறதா என்று பார்த்து, நேரில் ஓடவிட்டு வாங்கவேண்டும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்காமல் காளை பிடிப்பவர் உண்டா?

ஒன்றில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. அது எஸ்.எம்.பி.எஸ். விளையாட்டின் வேகத்தை அது ஓர் அணுவும் கூட்டாது. யாரும் பார்த்து மெச்சமாட்டார்கள். அதனாலேயே பிள்ளைகள் அங்கே ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கிறார்கள். பெட்டிமேல் 500 வாட்ஸ் என்று அச்சடித்திருக்கும். கார்டுக்கும் ப்ராஸஸருக்கும் உயிர்நாடியான 12 வோல்ட் பாதையில் அதில் பாதிகூடத் தேறாது. கயத்தாற்றுக் காற்றாலைகளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, வோல்டேஜ் ஏறி இறங்கும் கிராமத்து வீட்டில் இருக்கிறோம் நாம். மட்டமான எஸ்.எம்.பி.எஸ். தான் சாகும்போது சும்மா சாகாது. மதர்போர்டையும் கார்டையும் சில சமயம் உடன்கட்டை ஏற்றிவிடும். 2004-ல் தொடங்கிய '80 ப்ளஸ்' முத்திரை, மின்சாரத்தை விரயமாக்காமல் மாற்றுகிறதா என்பதற்குச் சான்று. அதோடு, அதிக அழுத்தத்திலிருந்து காக்கும் ஏற்பாடு உள்ளே இருக்கிறதா என்றும் கடைக்காரரைக் கேட்கவேண்டும்.

ஊமைத்துரையின் கோட்டைக்கு இரண்டாம் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. அவரையும் 1801 நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள். இன்று நாம் பார்ப்பது 1974-ல் அரசாங்கம் எழுப்பிய நினைவுக் கோட்டை. கம்ப்யூட்டர்காரர்களுக்கு அந்தச் சந்தர்ப்பம் உண்டு. 2017-ல் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 மதர்போர்டு வாங்கியவர்களில் பலர், 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி ப்ராஸஸரை அதே போர்டில் செருகிக்கொண்டார்கள். போர்டின் பயாஸை மட்டும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே போர்டு வாங்கும்போது, அதில் அடுத்த தலைமுறைக்கு இடம் உண்டா, ரேமுக்கு நாலு துளை உண்டா என்று பார்த்துக்கொண்டால், இந்தத் தையில் ப்ராஸஸரும் போர்டும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வாங்கலாம். ப்ராஸஸருக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் இருக்கும் ரகமாகப் பார்த்து எடுத்தால் அதுவரை பழைய விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருக்கலாம். கார்டைப் பங்குனியில், பருத்தி எடுத்து விற்றபிறகு, அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம்.