வாடகை யார் கட்டுறது? டால் செஸ் கிளப் சொல்லும் பாடம்

கொல்லிமலை திருப்புலி நாட்டுல கேரம் அறை நடத்தினாலும் சரி, சென்னையில செஸ் கிளப் நடத்தினாலும் சரி, மாசம் பொறந்தா வர்ற கேள்வி ஒண்ணுதான்: வாடகையும் கரண்ட் பில்லும் யார் கட்டுறது? சந்தாவை ஏத்தினா முதல்ல நின்னுபோறது காசில்லாத வீட்டுப் பசங்கதான்.

1972-ல சென்னையில இதுக்கு ஒரு வழி கிடைச்சுது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன், சோவியத் கலாசார மையத்தில் செஸ் கிளப் ஒன்றைத் தொடங்கினார். முன்னாள் உலக சாம்பியன் மிகைல் டாலின் பெயரை அதற்கு வைத்தார்கள். இடம் மையத்தோடது, ரஷ்ய செஸ் புத்தகங்களும் அங்கேயே கிடைச்சுது.

அவங்க ஏன் கொடுத்தாங்க? அது பனிப்போர் காலம். சோவியத்துக்கு செஸ் ஒரு கலாசாரத் தூது. அதே வருஷம்தான் ரேக்யவிக்கில் ஸ்பாஸ்கி, அமெரிக்காவின் ஃபிஷரிடம் பட்டத்தை இழந்தார்.

டால் கிளப்பில் விளையாடிப் பழகிய சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

ஆனா, இடம் கொடுத்த நாடே 1991-ல் கலைஞ்சுபோச்சு. ஒரே கையை நம்பி நிக்கிற எந்தக் கிளப்புக்கும் அந்தப் பயம் உண்டு. அதனால ஏற்கெனவே இருக்கிற இடத்தைக் கேளுங்க: நூலக மூலை, சாயங்காலப் பள்ளி வராண்டா. ஒரு கதவை மட்டும் தட்டிட்டு நின்னுடாதீங்க.